முகக்கவசமும் முகப்பருவும்

பண்டத்தரிப்பிலிருந்து ஓர் அன்னையார் எழுதியிருக்கிறார். உயர்தர வகுப்பிற் பயிலும் தம் மகள், பாடசாலைக்குச் செல்லும்போதும், மாலை வகுப்புகளுக்குச் செல்லும்போதும், ஏன், வீட்டுக்கு உறவினர் வந்தாற்கூட, முகக்கவசத்தைக் கழற்றுவதில்லை என்பது அவருடைய முறைப்பாடு. கொரோனாப் பெருந்தொற்றின் பொருட்டு 2020ஆம் ஆண்டு ஒக்டோபரில் அரசாங்கம் அதனைச் சட்டத்தாற் கட்டாயமாக்கியபோது அவள் சிறு பிள்ளை. பின்னர் கட்டாயம் நீங்கிவிட்டது. கவசம் மட்டும் நீங்கவில்லை. நோய்க்கு அஞ்சி அவள் அதனை அணியவில்லையாம். கன்னங்களிலும் நாடியிலும் எழுந்த பருக்களைப் பிறர் காணாதிருக்கவே அணிகிறாளாம். இதனிடையே தோழியொருத்தியின் சொற்கேட்டு, கடையில் ஒரு பூச்சு மருந்தை வாங்கிப் பூசினாள். ஒரு கிழமைக்குள் முகம் தெளிந்தது. இரண்டு மாதம் சென்றபின் முன்னிலும் பன்மடங்காகச் சிவந்து வெடித்தது. இதற்கெல்லாம் காரணம் கவசமா, மருந்தா என்று அன்னையார் வினவுகிறார்.

இரண்டும் என்பதே எமது விடை. ஆயினும் அவை ஒரே வகையிற் கேடு செய்வனவல்ல. கவசத்தால் வரும் தீங்கு சிறியது. எளிதில் நீங்கக் கூடியது. அந்தப் பூச்சு மருந்தால் வரும் தீங்கோ ஆண்டுக்கணக்கில் நிற்கவல்லது. ஆகையால் இவ்விரண்டையும் வேறு வேறாகவே நோக்குதல் வேண்டும்.

முதலிற் கவசத்தின் வரலாற்றைச் சுருங்கக் கூறுவோம். நோயைத் தடுக்க வைத்தியர்கள் முகத்தைத் துணியால் மூடும் வழக்கம் மிகப் பழையதன்று. 1819ஆம் ஆண்டின் இறுதியில் இலங்கைக்கு வந்து, 1820இல் இதே பண்டத்தரிப்பிலே குடியமர்ந்து நோயாளரைப் பார்த்த அமெரிக்க மிசன் வைத்தியர் ஜோன் ஸ்கடர், சத்திர சிகிச்சையின்போது முகத்தை மூடும் முறையை அறிந்திரார். (வேலூர் வைத்தியசாலையைத் தோற்றுவித்த ஐடா ஸ்கடர் அம்மையார் இவருடைய பேர்த்தியாராவார்.) சத்திர சிகிச்சை செய்வோர் வாயை மூடும் முறை 1897ஆம் ஆண்டளவில் ஐரோப்பாவில் உண்டாயிற்று. அதனைச் சாதாரண மக்களிடையே கொண்டுவந்தவருள் முதன்மையானவர், நம் யாழ்ப்பாணத்தார் பலர் உத்தியோகம் தேடிச் சென்ற அதே மலாயாவில், பினாங்கிலே பிறந்த வைத்தியர் வூ லியன் தே. 1910ஆம் ஆண்டின் முடிவில் மஞ்சூரியாவிற் பரவிய நுரையீரற் கொள்ளைநோயின்போது, பஞ்சை மெல்லிய துணியுள் வைத்துக் கட்டிய கவசத்தை யாவரும் அணிய வேண்டுமென அவர் வற்புறுத்தினார். மெஸ்னி என்னும் பிரெஞ்சு வைத்தியர் ஒருவர் இவருடைய கருத்தை ஏற்க மறுத்து, கவசமின்றி நோயாளரைச் சோதித்தார். சில நாட்களுள் அந்நோய்க்கே இரையானார். முகத்திற் பரு வருகிறதென்று கவசத்தையே பழிக்கும் அன்பர்கள் இவ்வரலாற்றையும் நினைவிற் கொள்வது நன்று. காசநோயாளரைக் கவனிப்போருக்கும், சளிக்காய்ச்சல் கண்டவருக்கும், வைத்தியசாலையில் முதியோரைப் பார்க்கச் செல்வோருக்கும் அது இன்றும் வேண்டப்படும் பொருளே.

இனி, அதன் கீழே தோலுக்கு யாது நிகழ்கிறதெனப் பார்ப்போம்.

நம் முகத்தோலில் மிக நுண்ணிய மயிர்க்குழிகள் எண்ணற்றவை உள. ஒவ்வொரு குழியுடனும் நெய்ச்சுரப்பி ஒன்று இணைந்திருக்கிறது. அதிலிருந்து ஊறும் நெய் தோலை வறளாமற் காக்கிறது. பிள்ளைகள் வயதுக்கு வரும் பருவத்தில் உடலில் ஊறும் சில சுரப்புகளின் தூண்டுதலால் இந்நெய் மிகுதியாகின்றது. குழியின் வாயிலிலுள்ள இறந்த தோற்கலங்களும் உதிராமல் ஒன்றோடொன்று ஒட்டி அடைத்துக்கொள்கின்றன. உள்ளே தேங்கிய நெய்யில், இயல்பாகவே நம் தோலில் வாழும் ஒருவகைக் கிருமி பெருகுகின்றது, குழி வீங்குகின்றது, அதுவே பரு. கவசம் அணியாத தலைமுறையிலும் பதினாறு வயதிற் பரு வந்ததுதான். அன்னையார் தம் இளமைக்காலத்துப் புகைப்படங்களை எடுத்துப் பார்ப்பாராக!

கவசம் செய்வது, இந்நிகழ்ச்சியை விரைவுபடுத்துவதாகும். நாம் விடும் மூச்சு வெம்மையும் ஈரமும் கொண்டது. அது வெளியேற வழியின்றித் துணிக்கும் கன்னத்துக்கும் இடையே தங்குகிறது. தோலின் வெப்பம் ஒரு பாகை செல்சியஸ் உயர்ந்தால் நெய்ச்சுரப்பு ஏறக்குறைய 10 வீதம் அதிகரிக்கிறதென ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர். ஈரத்தில் ஊறிய தோலின் மேற்படை பருத்து மயிர்க்குழியின் வாயை நெருக்குகின்றது. இவை போதாவென்று, நாம் பேசும்போதெல்லாம் துணி கன்னத்திலும் நாடியிலும் உராய்கின்றது. உராய்வால் வரும் இத்தகைய பருவைத் தோல்வைத்தியர்கள் 1975ஆம் ஆண்டிலேயே தனியாக விவரித்திருக்கிறார்கள். அமெரிக்கக் காற்பந்தாட்ட வீரருக்குத் தலைக்கவசத்தின் வார் படும் நாடியில் அது வருவதுண்டு. பின்னர் 2003ஆம் ஆண்டில் சிங்கப்பூரிற் சார்ஸ் நோய் பரவியபோது வைத்தியசாலை ஊழியர்களிடையே நடத்திய ஆய்வொன்றின் முடிவு 2006இல் வெளிவந்தது. இறுக்கமான என் 95 கவசத்தை ஒழுங்காக அணிந்த 307 பேரில் 109 பேருக்குத் தோற்கோளாறு கண்டிருந்தது. அவர்களுள் ஐவரில் மூவருக்குப் பரு, பாதிப்பேருக்கு முகத்தில் அரிப்பு. சிங்கப்பூரின் வெக்கை எத்தகையதென நாம் அறிவோம். சித்திரை வைகாசியில் பண்டத்தரிப்பின் வெக்கையும் அதற்குக் குறைந்ததன்று.

இந்த இடத்தில் அன்னையாரின் மகளைப் போன்ற மாணவிகளிடம் ஒரு சொல். பருவை மறைக்க அணியும் கவசமே பருவை வளர்க்கின்றது. வளர்ந்த பரு இன்னும் நீண்ட நேரம் கவசம் அணியச் செய்கின்றது. இது செக்குமாட்டின் வழி. எத்தனை சுற்றுச் சுற்றினாலும் ஊர் போய்ச் சேராது. எங்கேனும் ஓரிடத்தில் இச்சுற்றை அறுக்கத்தான் வேண்டும். ஒரே நாளில் முகத்தைத் திறந்துகொண்டு வகுப்புக்குச் செல்லுமாறு நாம் கூறவில்லை. அது பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு எளிதன்று என்பதை அறிவோம். முதலில் வீட்டுக்குள்ளே கழற்றுக. பின்னர் ஒழுங்கையிலே, காற்றாட நடக்கும்போது கழற்றுக. சனநெரிசலுள்ள பஸ் வண்டியில் வேண்டுமாயின் அணிந்துகொள்க. வீட்டிலுள்ளோரும் ஒரு காரியம் செய்யலாம். பிள்ளை முகத்தைத் திறந்து வெளியே வரும் அன்று, அவளைக் கண்டவுடன் “ஐயோ, முகமெல்லாம் என்ன இது!” என்று கூவாதிருப்பதே அது. எங்கள் மாமிமாரும் சித்திமாரும் அன்பினாலேயே அவ்வாறு கூறுகிறார்கள். ஆயினும் அந்த ஒரு சொல்லுக்கு அஞ்சியே பல பிள்ளைகள் துணிக்குள் ஒளிந்திருக்கிறார்கள்.

கவசத்தால் வருவன யாவும் பருவல்ல. ஒன்றை மற்றொன்றாகக் கருதி மருந்திடுவதால் வீண் துன்பம் நேர்கிறது. பருவாயின் கரும்புள்ளியோ, சீழ்முனையோ, உருண்ட கட்டியோ காணப்படும், தொட்டால் நோகும். அரிப்பே மேலோங்கி, கவசத்தின் விளிம்பு செல்லும் வழியே கோடு போட்டாற்போலச் சிவந்திருப்பின், அது துணியோ அதிலுள்ள இரசாயனமோ ஒவ்வாமையால் வந்த கரப்பனாகும். காதின் பின்புறம் மட்டும் புண்ணாயின் இழுபடும் நாடாவிலுள்ள றப்பரைச் சந்தேகிக்க வேண்டும். போலித் தோடு அணிந்தாற் காது புண்ணாகும் இயல்புடையோருக்கு மூக்கின் மேற் பதியும் கம்பியில் நிக்கல் கலந்திருப்பின் அவ்விடத்திற் சிவக்கலாம். கடையில் வாங்கிய புதுத்துணி சுருங்காதிருக்கச் சேர்க்கப்படும் பொருள்களும் சிலருக்கு ஒவ்வா. ஆகையாற் புதுக்கவசத்தை ஒருமுறை அலசிக் காயவைத்த பின்னரே அணிதல் நன்று. இது துணிக்கவசத்துக்கே பொருந்தும். ஒருநாட் பாவனைக்குரிய வைத்தியக் கவசத்தைத் தோய்த்து மீண்டும் அணிதல் கூடாது.

தோய்ப்பதைப் பற்றிக் கூறும்போது, யாழ்ப்பாணத்தாருக்கென்றே ஒன்றை விரித்துச் சொல்ல வேண்டியுள்ளது. குடாநாட்டின் நிலத்தடியிலிருப்பது சுண்ணக்கல். நம் கிணறுகளின் நீர் அக்கல்லினூடே ஊறி வருவதால் வன்னீராகின்றது. கேத்திலின் அடியிலே படியும் வெள்ளைப் படையை அறியாத வீடு இங்கு இல்லை. அந்நீரிற் சவர்க்காரம் நன்கு நுரைப்பதில்லை. நீரிலுள்ள சுண்ணச்சத்துடன் கூடிக் கரையாத படலமாகின்றது. அப்படலம் துணியின் இழைகளிலும் தங்கும், முகத்திலும் தங்கும். நுரை வரவில்லையென்று மேலும் மேலும் சவர்க்காரத்தைத் தேய்க்கின்றோம், படலம் பெருகுகின்றது. பிறகு அந்தக் கவசத்தை மூச்சின் ஈரத்தோடு எட்டு மணி நேரம் கன்னத்தில் ஒட்டி வைத்திருக்கின்றோம். தோல் எரியாமல் வேறென்ன செய்யும்? ஆகவே கவசத்துக்குச் சவர்க்காரம் குறைவாகவே இடுக. வாசனைத் தூள்களையும் கஞ்சியையும் தவிர்த்து, மூன்று முறையேனும் புது நீரில் அலசுக. மாரிகாலத்தில் பீலியிலிருந்து விழும் மழைநீரைப் பிடித்து வைக்கும் வழக்கமுள்ள வீடுகளில் கடைசி அலசலுக்கு அந்நீரே உத்தமம். பின்னர் நல்ல வெயிலில் உலர்த்துக. கவசம் பருத்தித் துணியாயிருத்தல் நலம். ஒருவருக்கு நாளொன்றுக்கு இரண்டாகக் கணக்கிட்டு வைத்துக்கொண்டால் நனைந்ததை உடனே மாற்றலாம்.

முகத்துக்கும் இதுவே விதி. காலையும் மாலையும் இரண்டே முறை, மென்மையான சவர்க்காரமோ முகங்கழுவும் திரவமோ கொண்டு, கைவிரலாற் கழுவினாற் போதும். தேங்காய்ப் பொச்சும் கரடுமுரடான துணியும் பாத்திரத்துக்கே உரியவை. கழுவியதும் ஒற்றித் துடைத்து, நெய்ப்பிடிப்பற்ற ஈரப்பூச்சை மெல்லியதாக இட்டு, அரை மணி நேரம் சென்றபின் கவசம் அணியலாம். பவுடரும் பிற முகப்பூச்சுகளும் கவசத்தின் கீழே வேண்டா. வியர்வையோடு குழைந்து அவை மயிர்க்குழிகளை அடைப்பனவாம். தலைக்கு வைக்கும் எண்ணெயும் அளவோடு இருக்கட்டும். பின்னல் பளபளக்க வேண்டுமென்று அன்னையர் வார்த்துவிடும் எண்ணெய், வெயிலில் உருகி நெற்றிக்கும் கன்னத்துக்கும் இறங்குகிறது. நாள் முழுவதும் கவசம் அணிய வேண்டியவர்கள் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறையேனும் ஆளற்ற திறந்த வெளிக்குச் சென்று, கால் மணி நேரம் முகத்துக்குக் காற்றுப்பட விடவேண்டும்.

பண்டத்தரிப்பை அடுத்த சில்லாலை நாட்டு வைத்தியத்துக்குப் பெயர் பெற்ற ஊர். அவ்வழியில் வந்த வீடுகளிலே வேப்பிலையும் மஞ்சளும் சந்தனமும் முகத்துக்கு அரைத்துப் பூசப்படுகின்றன. இவற்றை நாம் இகழ்வதற்கில்லை. பலருக்கு இவை தீங்கு செய்வதுமில்லை. ஆனால் பூசியவற்றின் மேற் கவசத்தை அணிதல் தவறு. தேசிக்காய்ச் சாற்றையும் பற்பசையையும் பருவில் வைப்பது அதனினும் தவறு. முன்னது தோலைப் புண்ணாக்கும். வெயில் பட்டால் கருக்கவும் செய்யும். பின்னதற்கு முகத்தில் ஒரு வேலையுமில்லை.

இப்போது அந்தப் பூச்சு மருந்துக்கு வருவோம். அதன் பெயரை அன்னையார் எழுதவில்லை. எனினும் ஒரு கிழமையில் தெளிந்து இரண்டு மாதத்தில் வெடித்ததென்ற குறிப்பைக் கொண்டு பார்க்கையில், அதில் ஸ்டெரோயிட் இருந்திருக்குமென ஐயுறுகிறோம். பீற்றாமெதசோன், குளோபெற்றசோல் என்னும் பெயர்கள் குழாயின் மேற் சிற்றெழுத்திற் காணப்படும். கரப்பன் முதலிய நோய்களுக்கு, வைத்தியரின் மேற்பார்வையில், குறித்த நாட்களுக்கு மட்டும் பூசத்தக்க நல்ல மருந்துகள் இவை. வீக்கத்தையும் சிவப்பையும் விரைவில் அடக்குவதாலும், தோலைச் சிறிது வெளுப்பிப்பதாலும், விவரமறியாதார் இவற்றை முகப்பருவுக்கும் முகப்பொலிவுக்கும் மருந்தெனக் கருதிவிடுகின்றனர்.

உள்ளே நிகழ்வது வேறு. நாள் செல்லச் செல்லத் தோல் மெலிகின்றது. அதன் கீழுள்ள நுண்ணிய இரத்தக் குழாய்கள் விரிந்து செந்நூல்போலத் தோன்றுகின்றன. பெண்களின் முகத்திலும் மயிர் அரும்புகின்றது. அடங்கியிருந்த பரு கூட்டங் கூட்டமாக எழுகின்றது. மருந்தை நிறுத்தினால் முகம் எரிந்து சிவப்பதால், மீண்டும் அதையே நாடுகின்றனர். குடிப்பழக்கத்தைப் போன்றதே இதுவும். இந்தியாவில் 12 நிலையங்களில், முகத்தோல் நோயுடன் வந்த 2926 பேரை ஆராய்ந்து 2011இல் வெளியிடப்பட்ட அறிக்கையொன்று, அவர்களுள் 433 பேர் இத்தகைய மருந்தை முகத்திற் பூசிவந்தனர் எனக் கூறுகிறது. ஏறக்குறைய நால்வரில் ஒருவர் பருவுக்கென்றே அதனைப் பூசியவர். அவர்களிடம் கண்ட தீய விளைவுகளுள் முதலிடம் பெற்றது எதுவென்று எண்ணுகிறீர்கள்? பருவேதான்! அறிக்கை வெளிவந்தது பெருந்தொற்றுக்கு முன்னர். அதன் பின்னர் ஈரமும் வெம்மையும் தங்கும் கவசத்தின் கீழே இம்மருந்தைப் பூசியோரின் நிலையை நாமே ஊகித்துக்கொள்ளலாம். மூடிக் கட்டிய தோலில் இம்மருந்து இன்னும் ஆழமாக இறங்கும் என்பது வைத்தியர்கள் நன்கறிந்த உண்மை.

பெயரும் உட்பொருளும் அச்சிடப்படாத வெண்மைப் பூச்சுகள் இன்னொரு வகை. இவ்வாறு விற்கப்பட்ட பூச்சுகள் சிலவற்றிற் பாதரசம் கலந்திருந்தமை பல நாடுகளிற் சோதனையாற் கண்டறியப்பட்டது. பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும் நஞ்சு. தோற்றத்துக்காகச் சிறுநீரகத்தைப் பணயம் வைப்பது எவ்வகைக் கணக்கென்று எமக்கு விளங்கவில்லை. அதனை விற்பவரையும் நாம் கண்டிக்கவே வேண்டும்.

ஆகவே அம்மையீர், அக்குழாயைக் குப்பையில் எறிந்துவிடாதீர்கள். மகளையும் அதனையும் ஒருங்கே வைத்தியரிடம் கொண்டு செல்லுங்கள். பண்டத்தரிப்பு வைத்தியசாலையில் முதலிற் காட்டி, வேண்டுமாயின் அவர்களுடைய கடிதத்துடன் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் தோல்நோய்ப் பிரிவுக்குச் செல்லலாம். அரசாங்க வைத்தியசாலைகளில் இதற்குக் கட்டணமில்லை. ஸ்டெரோயிட்டை நெடுநாட் பூசியவர்கள் திடீரென நிறுத்துவதா, படிப்படியாகக் குறைப்பதா என்பதை வைத்தியரே தீர்மானிக்க வேண்டும். பருவுக்கு உரிய உண்மையான மருந்துகள் வேறு உள. அவற்றுள் பென்சோயில் பெரொக்சைட் போன்றவற்றை இரவில், கவசம் அணியாத வேளையில், மெல்லியதாகப் பூசுவர். அது தலையணை உறையை வெளுக்கச் செய்யும் ஆதலால் வெள்ளை உறையே நல்லது. எந்த மருந்தாயினும் குணம் தெரிய ஆறு முதல் எட்டுக் கிழமைகள் செல்லும். ஒரு கிழமையிற் குணமாக்குவதாகக் கூறும் பொருளைக் கண்டால் அங்கேதான் ஐயம் கொள்ளுதல் வேண்டும். இதற்கிடையே பருவைக் கிள்ளுதல் ஆகாது. நம்மவருடைய மாநிறத் தோலிற் கிள்ளிய இடம் கருந்தழும்பாகிப் பருவினும் நீண்டகாலம் நிற்கும்.

மாணவியரைப் பற்றியே இதுவரை கூறினோம். தொழிலின் பொருட்டுக் கவசத்தைக் கழற்ற முடியாதவர்களும் உளர். 2020இல் சீனாவின் ஊகான் பகுதியில் நோயாளரைப் பராமரித்த ஊழியர் 542 பேரை வினவியபோது 526 பேர் தங்கள் தோல் கெட்டதாகக் கூறினர். மிகுதியும் பாதிக்கப்பட்டது மூக்கின் மேற்பகுதி. நம் தாதியர் இதனைச் சொல்லாமலே அறிவர். மூக்கெலும்பின் மேல், கவசம் அணியுமுன்னரே மெல்லிய பாதுகாப்புப் பட்டையை ஒட்டிக்கொண்டால் அழுத்தம் குறையும். ஆயினும் பட்டையின் பக்கமாகக் காற்றுக் கசிகிறதா என்பதைச் சோதித்துக்கொள்ள வேண்டும். எண்ணெய்ப்பசையுள்ள களிம்பு இறுக்கமான கவசத்தை வழுக்கச் செய்யும் ஆகையால் வேலை நேரத்தில் அது கூடாது. வீடு திரும்பியபின் இட்டுக்கொள்ளலாம்.

தோட்டக்காரரின் சங்கதி வேறு. வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் மருந்து தெளிப்போர் பலர், தோளிற் கிடக்கும் சால்வையையே மூக்கிற் சுற்றிக்கொள்கின்றனர். நனைந்த துணி நஞ்சைத் தடுப்பதில்லை. மாறாக அதனை ஊறவைத்து முகத்தோடு சேர்த்துப் பிடிக்கின்றது. வேலை முடிந்ததும் அதே துணியால் வியர்வையைத் துடைப்பதும் உண்டு. மிளகாய் அரைக்கும் ஆலைகளில் வேலை செய்வோர் கட்டும் துணியும் இவ்வாறே. அதிற் படிந்த தூள் மறுநாட் காலையில் வியர்வை பட்டதும் எரிக்கத் தொடங்கும். மருந்து தெளிப்பவர்கள், மருந்துப் போத்தலின் மேற் குறித்துள்ள வகைக் கவசத்தையே வாங்கி அணிந்து, காற்று வீசும் திசைக்கு முதுகைக் காட்டி நின்று தெளித்தல் வேண்டும். தெளிக்கும்போது அணிந்த உடைகளை வீட்டுத் துணிகளோடு சேர்க்காமல், கிணற்றடிக்குத் தொலைவில் தனி வாளியிலே தோய்த்தல் வேண்டும்.